கோழித் தீவனத்தில் அந்த வெள்ளைப் பொடி... பயப்படணுமா?

“கறிக்கோழித் தீவனத்துல ஏதோ வெள்ளைப் பொடி கலக்குறாங்களாமே... அதனாலதான் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வருதாம். நெசமாங்க?”

திட்டக்குடி கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் கறிக்கடை முன்னால் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். “பொடி என்னக்கா பொடி, ஊசியே போடுறாங்களாம்” என்று பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்று கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடியே சொல்வார். அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஆனாலும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல புரதம் இன்றைக்கு முட்டையும் கோழிக்கறியும்தானே!

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுவோம். ஊசி விஷயம் புளுகு. பொடி விஷயம் உண்மை.

தீவன ஆலைகளில் டன் கணக்கில் அரைத்துக் கலக்கும்போது சில கிலோ பொடிகளைச் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஒன்றின் பெயர் லைசின். இன்னொன்று மெத்தியோனின். மூன்றாவது திரியோனின். வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ இருக்கும். மெத்தியோனின் மூட்டையைப் பிரித்தால் முட்டைக்கோஸ் வேகிற மாதிரி ஒரு வாடை வரும். அதில் கந்தகம் இருப்பதுதான் காரணம். இவை ஹார்மோன் அல்ல, ஆன்டிபயாடிக்கும் அல்ல. இட்லியிலும் சாம்பாரிலும் நீங்களும் நானும் தினம் சாப்பிடுகிற அமினோ அமிலங்கள்!

‘அப்படியானால் தனியாக எதற்குக் கலக்க வேண்டும்?’ நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் கோழியைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு தெளிவு வரும்.

மண் கலக்கிற கணக்கு

புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. சுமார் 20 வகை அமினோ அமிலங்களைச் சங்கிலி மாதிரி கோத்தால் வருவது புரதம். இவற்றில் பாதியளவை உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும். மீதியைத் தயாரிக்கத் தெரியாது; சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். அவற்றுக்கு ‘அத்தியாவசிய அமினோ அமிலங்கள்’ என்று பெயர்.

இதை விளக்க விருத்தாசலத்துக்குப் போகலாம். திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறினால் பெண்ணாடம் வழியாகப் போய்விடலாம். அங்கே பீங்கான் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ் என்ற வெண்கல் தூள், ஃபெல்ஸ்பார் என்ற கல் தூள் மூன்றும் அதனதன் அளவில் சேர்ந்தால்தான் நல்ல பீங்கான். ஃபெல்ஸ்பார் 10 கோப்பைக்குத்தான் இருக்கிறது என்றால், களிமண்ணை மலையாகக் கொட்டினாலும் 10 கோப்பைதான் தேறும். மீதிக் களிமண் மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

உடம்புக்குள் நடப்பதும் இதேதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மீந்த களிமண்ணை மூலையில் போட்டு வைக்கலாம். மீந்த அமினோ அமிலத்தை உடம்பு சேமித்து வைக்காது. அன்றன்றைக்கே உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் கழிவாக வெளியே தள்ளியாக வேண்டும். நமக்கு அந்தக் கழிவு சிறுநீரில் யூரியாவாகப் போகிறது. கோழிக்கு யூரிக் அமிலமாகப் போகிறது. கோழி எச்சத்தின் மேல் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளையாக இருக்குமே, அதுதான்.

எது குறைகிறதோ அதுதான் மொத்தத்தையும் தீர்மானிக்கிறது. அரிசியில் குறைவது லைசின். பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அரிசியும் உளுந்தும் போட்டு மாவாட்டியவரும், பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டுப் பொங்கியவரும் அமினோ அமிலம் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் கணக்கு சரியாக வந்திருக்கிறது!

கிராமத்துக் கோழி வளர்ப்பிலும் இந்தக் கணக்கு உண்டு. பழைய பானையில் ஈரச் சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாம் அடைத்துக் கரையான் புற்றுப் பக்கத்தில் ராத்திரி கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பார்த்தால் பானை நிறையக் கரையான். அதைக் குஞ்சுகளுக்குக் கொட்டினால் கொத்தித் தீர்த்துவிடும். “கரையான் தின்ன குஞ்சு கிடுகிடுன்னு எழும்பும்” என்பார்கள் பாட்டிமார்கள். வெறும் கம்பும் நொய்யும் தின்கிற குஞ்சுக்குக் குறைகிற லைசினையும் மெத்தியோனினையும் கரையானும் புழுவும் கொடுத்தன. ஆலையில் பொடி கலப்பதும் இந்தப் பானை வைத்தியம்தான். உருவம் மட்டும் மாறியிருக்கிறது.

புண்ணாக்கில் என்ன குறை?

திட்டக்குடி, வேப்பூர் பக்கமும், அடுத்திருக்கும் பெரம்பலூர் மாவட்டத்திலும் மானாவாரி நிலத்தில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான். 2018இல் அமெரிக்கப் படைப்புழு வந்து கொள்ளை கொண்டு போனதை இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. இங்கே விளைவதில் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழித் தீவனத்துக்குத்தான் லாரி ஏறுகிறது. நம் ஊர்க் காட்டில் விளைந்தது, கோழியாகத் திரும்பி வந்து நம் கறிக்கடையில் தொங்குகிறது.

மக்காச்சோளம் கோழிக்குச் சக்தி கொடுக்கும். அதில் புரதம் 100க்கு 9 பங்குகூட இருக்காது. புரதத்துக்குப் புண்ணாக்கு வேண்டும். ஒரு காலத்தில் கடலைப் புண்ணாக்குதான் ராஜா. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிலக்கடலை ரகங்களும் எள் ரகங்களும் வந்திருப்பதே, இந்த மண்ணில் எண்ணெய் வித்துக்களுக்கு இருந்த மரியாதையைச் சொல்லும்.

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவிகிதத்துக்கு மேல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லைசினும் குறைவு, மெத்தியோனினும் குறைவு. புரதம் நிறைய, பலன் கொஞ்சம்! எள்ளுப் புண்ணாக்கு இதற்கு நேர்மாறு: மெத்தியோனின் நிறைய, லைசின் ரொம்பக் குறைவு. போதாததற்குக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. கடைசியில் பார்த்தால், தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! இந்த நச்சு இருப்பதே உலகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்படியாகச் சோயா புண்ணாக்கு முன்னுக்கு வந்தது. அதில் லைசின் தாராளம். ஆனால் அதிலும் மெத்தியோனின் குறைவு.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழம்புக் கணக்கு இல்லை, வீட்டுச் செலவு எழுதுகிற மாதிரிதான். ஒரு டன் தீவனத்தில் 600 கிலோ மக்காச்சோளம், 340 கிலோ சோயா புண்ணாக்கு, மீதி எண்ணெய், தாது உப்பு, வைட்டமின் என்று வைத்துக்கொள்வோம். புரதம் சுமார் 21 சதவிகிதம் வரும். லைசின் டன்னுக்கு 11 கிலோ சொச்சம்; இளங்குஞ்சுக்கு அது போதும். மெத்தியோனின்? 3 கிலோ 200 கிராம்தான் தேறும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட அட்டவணைப்படி முதல் மூன்று வாரக் குஞ்சுக்குத் தேவை டன்னுக்கு 5 கிலோ. பாக்கி 1 கிலோ 800 கிராம்.

இந்தப் பாக்கியைச் சோயாவிலிருந்தே எடுக்க நினைத்தால், 400 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயாவைப் போட வேண்டும்! அப்போது புரதம் 36 சதவிகிதத்தை எட்டும். செலவு எங்கேயோ போகும். குஞ்சின் ஈரலும் சிறுநீரகமும் மீந்த புரதத்தை உடைத்து வெளியேற்றியே ஓய்ந்துவிடும். இல்லையென்றால் 1 கிலோ 800 கிராம் பொடி. எது புத்திசாலித்தனம்?

இது முதல் படி. மெத்தியோனின் பொடி கலப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிற பழைய விஷயம். இப்போது தீவனக்காரர்கள் பேசுவது அடுத்த படியைப் பற்றி: ‘பொடியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, மொத்தப் புரதத்தையே குறைத்தால் என்ன?’

மேலே சொன்ன தீவனத்தில் 60 கிலோ சோயாவை எடுத்துவிட்டு, 60 கிலோ மக்காச்சோளத்தைப் போடுங்கள். புரதம் 2 சதவிகிதத்துக்கு மேல் இறங்கிவிடும். கூடவே இறங்கிய அமினோ அமிலங்களை ஈடுகட்ட எவ்வளவு பொடி தெரியுமா? லைசின் 2 கிலோ, திரியோனின் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, மெத்தியோனின் கால் கிலோ. ஆக மூன்று கிலோ சொச்சம் பொடி, 60 கிலோ புண்ணாக்கின் முக்கியமான வேலையைப் பார்த்துவிடுகிறது. (இது புத்தகக் கணக்கு. சரக்குக்குச் சரக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

கோழிக்கறிக்குப் புரதம் குறைந்துவிடுமோ என்று கவலைப்படாதீர்கள். கோழிச் சதையில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பது அதன் பிறவிக் குணம். தீவனத்தில் தேவையான அளவு இருக்கிறவரை அது மாறாது.

மூக்கை எரிக்கிற நெடி

கோழிப் பண்ணைக்குள் போயிருக்கிறீர்களா? மழைக்காலத்தில் போனால் கண் எரியும். அதுதான் அம்மோனியா.

ஆயிரம் கறிக்கோழிகள் இரண்டு கிலோ எடை தாண்டுவதற்குள் சுமார் மூன்றரை டன் தீவனம் தின்றுவிடும். அதில் 20 சதவிகிதம் புரதம் என்றால் 700 கிலோ. புரதத்தில் 16 சதவிகிதம் நைட்ரஜன். ஆக 112 கிலோ. இதில் ஏறக்குறைய 60 சதவிகிதம் கோழியின் உடம்பில் தங்கும். மீதி 45 கிலோ எச்சத்தில் போய்விடும். அந்த யூரிக் அமிலத்தைக் கூளத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்க, அம்மோனியா கிளம்புகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு தாண்டினால் கோழிக்கும் ஆகாது, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் ஆகாது. கண் சிவக்கும், மூச்சுக் குழாயின் உட்பூச்சு கெடும், சளி பிடிக்கும், கிருமி சுலபமாக நுழையும்.

தீவனப் புரதத்தை ஒரு சதவிகிதம் குறைத்தால் வெளியேறும் நைட்ரஜன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அதிகப் புரதம் தின்கிற கோழி தண்ணீரும் அதிகம் குடிக்கும், எச்சம் இளகும், கூளம் சொதசொதவென்று ஆகும். புரதம் குறைந்தால் கூளம் காய்ந்து கிடக்கும்.

குடலுக்குள்ளும் ஒரு கதை நடக்கிறது. செரிக்காத புரதம் குடலின் பின்பகுதிக்குப் போய் அழுகும். அதைத் தின்று பெருகுகிற கிருமிகளில் குளோஸ்ட்ரிடியம் என்ற பொல்லாத ஒன்று உண்டு. குடலைப் புண்ணாக்கி, கோழியைச் சாகடிக்கும். இதற்குப் பயந்துதான் பல நாடுகளில் வருடக் கணக்காகத் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் வளர்ச்சிக்காக அப்படிக் கலப்பதை 2006 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டன. நம் நாட்டில் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுப் பிராணிகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கை கொடுக்கிற மருந்து அது!

கறிக்கோழி சாப்பிடுகிற குடும்பங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய பொருள் ஆன்டிபயாடிக்தான், அமினோ அமிலம் அல்ல. சொல்லப்போனால், பொடியைச் சரியாகக் கலந்து புரதத்தைக் குறைத்த தீவனம் கோழியின் குடலுக்குச் சுமையைக் குறைக்கிறது. மருந்து தேவைப்படுகிற சந்தர்ப்பத்தையும் குறைக்கிறது. ஜனங்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ, அது அவர்களுக்குச் சாதகமான பொருள். வேடிக்கைதான்!

‘அப்புறம் எப்படி நாப்பது நாள்ல வளருது?’

விடமாட்டீர்கள், தெரியும். வளர்ச்சி ஹார்மோனும் ஒரு புரதம்தான். தீவனத்தில் கலந்தால் பருப்பைச் செரிக்கிற மாதிரி கோழி அதையும் செரித்துவிடும், பலன் பூஜ்யம். ஊசியாகப் போடுவதென்றால் ஐயாயிரம் கோழியையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்?

பதில் இனத்தில் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் வருடத்து இனம், 1978ஆம் வருடத்து இனம் இரண்டையும் மாற்றாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றை 2005இல் விற்பனையில் இருந்த இனத்தோடு சேர்த்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. 56ஆம் நாளில் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! தீவனம் ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வேலைதான் வித்தியாசம். இவ்வளவு வேகமாக வளர்கிற உடம்புக்கு அமினோ அமிலம் ஒன்று குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். அதனால்தான் பொடிக்கு இத்தனை மதிப்பு.

சரி, பொடி எங்கிருந்து வருகிறது? மெத்தியோனின் பெரும்பாலும் ரசாயன ஆலையில், பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தயாராகிறது. லைசின் அப்படியல்ல. தயிர் உறை ஊற்றுகிற மாதிரி, சர்க்கரைப்பாகையோ மக்காச்சோளச் சர்க்கரையையோ ஒரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். அந்த நுண்ணுயிரைக் கொண்டு முதலில் குளுட்டாமிக் அமிலம் தயாரித்துக் காட்டியவர்கள் 1950களில் ஜப்பானியர்கள். லைசினும் அதே வழியில் பின்னாலேயே வந்தது.

திரியோனின் வந்த கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்ற விஞ்ஞானி, அப்போது தெரிந்த அமினோ அமிலங்களை எல்லாம் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் இளைத்துப் போயின. பால் புரதத்தைக் கொஞ்சம் சேர்த்தால் தேறின. ‘இதில் இன்னும் ஏதோ ஒளிந்திருக்கிறது’ என்று தேடித் தேடி 1935இல் பிடித்ததுதான் திரியோனின். பின்னால் தன் மாணவர்களையே இந்தப் பத்தியத்தில் உட்கார வைத்து, மனிதனுக்கு எது அத்தியாவசியம் என்று கணக்கெடுத்தார். பாவம் அந்தப் பிள்ளைகள்: மாவுச்சத்து, சர்க்கரை, வெண்ணெய், அமினோ அமிலப் பொடி. பொறியலா, ஊறுகாயா!

ஏமாற்றுவதும் புரதக் கணக்கில்தான்

தீவன மூட்டையில் ‘புரதம் இத்தனை சதவிகிதம்’ என்று அச்சடித்திருப்பார்கள். அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? புரதத்தை நேராக அளப்பதில்லை. சரக்கில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். ‘கச்சா புரதம்’ என்று அதற்குப் பெயர். நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் இந்தக் கணக்குக்குக் கவலையில்லை. வயலுக்குப் போடுகிற யூரியாவைப் புண்ணாக்கில் கலந்தால், கச்சா புரதம் ஜம்மென்று ஏறிவிடும்! கோழிக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

இதே தந்திரம் மனிதக் குழந்தைகளிடமும் நடந்தது. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்தார்கள். மெலமைனில் நைட்ரஜன் நிறைய. அந்தப் பால் பவுடரைக் குடித்து ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆறு பச்சைக் குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

ஆகவே சொந்தமாகத் தீவனம் கலக்கிற பண்ணைக்காரர்கள் ‘புரதம் எத்தனை?’ என்பதோடு நிறுத்தாமல் ‘செரிக்கக்கூடிய லைசின் எத்தனை, மெத்தியோனின் எத்தனை?’ என்று கேட்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. புது லாட் புண்ணாக்கு வந்தால் ஒரு மாதிரியை அங்கே கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. “பக்கத்துப் பண்ணையில ரெண்டு கிலோ போட்டாங்கண்ணே, நானும் போட்டேன்” என்பது சரிப்படாது.

புரதத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு சதவிகிதம் வரை லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றும் பெரும்பாலும் சமாளித்துவிடும். அதற்குக் கீழே போனால் வேலின், ஐசோலூசின், அர்ஜினைன் என்று அடுத்தடுத்த ஆட்கள் குறைய ஆரம்பிப்பார்கள். அவற்றையும் தனித்தனியே சேர்க்க வேண்டும், விலை அதிகம். கிளைசின் என்ற ஒன்று நமக்கு அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. ஆனால் யூரிக் அமிலம் உண்டாக்கவே அது செலவாவதால், கோழிக்குத் தட்டுப்பாடு வரும். மூன்று சதவிகிதத்துக்கு மேல் குறைத்துவிட்டால் வளர்ச்சி தடுமாறும், நெஞ்சுக்கறி குறையும், வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு சேரும். அதை நீங்கள்தான் காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் போடுவீர்கள்.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு கிலோ 100 ரூபாயைத் தொடுகிற அளவுக்கு ஏறியது. பண்ணைகள் திண்டாடின. 12 லட்சம் டன் சோயா புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. டன்னுக்கு 60 கிலோ சோயா மிச்சம் என்பது அப்படிப்பட்ட வருடத்தில் சின்ன விஷயமா?

அதற்காகப் பொடியை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. லைசின், மெத்தியோனின் இரண்டுக்கும் இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் எதிர்பார்த்திருக்கிறது. 1990களில் உலகத்தின் பெரிய லைசின் கம்பெனிகள் சில ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றி வைத்தன. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பெனி 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, லைசினுக்கும் சிட்ரிக் அமிலத்துக்குமாகச் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. கோழிக்குப் போடுகிற பொடியில் இத்தனை அரசியல்!

நம் வீட்டுக்கு வருவோம்

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டாக்டர் சில சமயம் புரதத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கூடவே ‘கீட்டோ அனலாக்’ என்ற மாத்திரை எழுதித் தருவார். “பருப்பையும் குறைக்கச் சொல்றாரு, மாத்திரையும் குடுக்கறாரு, எதுக்குங்க?” என்று வீட்டில் குழப்பம் வரும். இதுவும் அதே தத்துவம்தான். அந்த மாத்திரையில் இருப்பது நைட்ரஜன் நீக்கிய அத்தியாவசிய அமினோ அமிலங்கள். உடம்பில் கழிவாகப் போக இருந்த நைட்ரஜனையே எடுத்து ஒட்டிக்கொண்டு அவை அமினோ அமிலமாகிவிடும். தேவையானது கிடைக்கும், சிறுநீரகத்துக்குச் சுமை குறையும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாகப் புரதத்தைக் குறைக்காதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் புரதம் அதிகமாகவே தேவை. வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பருப்பையும் முட்டையையும் குறைக்கவே கூடாது. ஆரோக்கியமான வாலிபர்கள், ஜிம்முக்குப் போகிற ஆசையில் டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் வாங்குகிறார்களே, அவர்கள் மட்டும் கோழி எச்சத்தின் மேலிருக்கும் அந்த வெள்ளையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் போனது சதையாகாது.

கறிக்கடையில் நிற்கும்போது ‘பொடி போட்டதா?’ என்று கேட்பதால் பயனில்லை. எல்லாத் தீவனத்திலும் அது உண்டு. அதற்குப் பதில் கூண்டில் இருக்கிற கோழியின் காலைப் பாருங்கள். பாதத்தின் அடியில் கருப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா? முழங்கால் மூட்டின் பின்பக்கம் தீயில் சுட்ட மாதிரிப் பழுப்பு வடு இருக்கிறதா? அம்மோனியா ஊறிய ஈரக் கூளத்தில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்த கோழி அது. தீவனத்தில் புரதம் அதிகம் போயிருக்கலாம். தண்ணீர்க் குழாய் ஒழுகியிருக்கலாம். இடமில்லாமல் நெருக்கி அடைத்திருக்கலாம். கால் சூப்புக்குக் கோழிக்கால் வாங்குகிறவர்கள் இதை இன்னும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பாதம் சுத்தமாக, மஞ்சளாக, வழவழப்பாக இருக்கிற கோழியைக் காட்டி, “அண்ணே, அதை எடுங்க” என்று சொல்லுங்கள்.